அலோர் ஸ்டாரும் ஹாட்யாயும்: தூரம் ஒன்று, நேரம் வேறு

கெடா மாநிலத்தின் தலைநகரான அலோர் ஸ்டாரைச் சேர்ந்த மெர்கோங் வட்டாரத்திற்கு வடக்கே, சில மைல் தொலைவில், ஒரு விமான நிலையம் அமைந்துள்ளது. அதற்கும் வடக்கே நாட்டின் எல்லையைக் கடந்து சென்றால், தாய்லாந்து நாட்டின் ஹாட்யாய் நகருக்கு அருகில் மற்றொரு விமான நிலையம் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இவற்றின் விடைகள் வெவ்வேறு வழிகளில் கண்டறியப்பட வேண்டியவை. அவ்வழிகளை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இதனை நாம் ஏன் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோரும், தோட்டத்தை விட்டு மெர்கோங் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறியோரும் இன்று விமானப் பயணம் செய்கின்றனர். பிள்ளையின் கல்வி, உறவினர் திருமணம், நோயாளியைக் காணுதல், தமிழகத்தில் உள்ள சுற்றத்தாரின் நன்மை தீமைகள் எனப் பயணத்திற்குக் காரணங்கள் பல. விமானம் புறப்பட்ட பின் நிலையத்தை அடைந்தவர், பல வேளைகளில், பயணச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடிவதில்லை. பல நாள் உழைப்பின் ஊதியம் ஒரு மணி நேரக் கணக்குப் பிழையால் வீணாகிறது. பணம் போனாலும் மீண்டும் ஈட்டலாம். இறுதிச் சடங்கிற்கு வர இயலாமற் போனவரின் துயரத்தை ஈடு செய்ய இயலுமா? ஆகவே, இக்கணக்கைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதினும் நாமே போட்டுப் பார்க்கப் பழகுவது நலம்.

இரண்டு நிலையங்கள்

நம் பக்கத்து நிலையத்தின் பெயர் சுல்தான் அப்துல் ஹாலிம் விமான நிலையம். அது அலோர் ஸ்டாருக்கு வடக்கே கெப்பாலா பத்தாஸ் என்னும் இடத்தில் உள்ளது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலும் கெப்பாலா பத்தாஸ் என்ற பெயருடைய ஊர் ஒன்று உண்டு. வாடகை வண்டி ஓட்டுநரிடம் ஊரின் பெயரை மட்டும் சொல்லாமல், மாநிலத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

இந்நிலையம் நேற்றுத் தோன்றியதன்று. 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தன் விமானச் சேவையை நீட்டித்தபோது, பாங்காக்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே விமானம் இறங்கிய இடங்களுள் ஒன்றாக அலோர் ஸ்டார் விளங்கியது. அக்கால விமானங்கள் ஒரே மூச்சில் நெடுந்தூரம் பறக்க வல்லவை அல்ல. இடையிடையே இறங்கி எண்ணெய் நிரப்பியாக வேண்டும். இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர ஒரு வாரத்திற்கும் மேலாயிற்று. எல்லைக்கு அருகே இருந்தமையால், அலோர் ஸ்டார் விமானத் தளம் போரின் கொடுமையையும் முதலிலேயே கண்டது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் தாய்லாந்தின் சிங்கோராவில் (இன்றைய சொங்க்லாவில்) இறங்கின. மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து தனித்துப் பறந்து சென்று சிங்கோராவைத் தாக்கிய ஆர்தர் ஸ்கார்ஃப் என்னும் விமானி, படுகாயமுற்ற நிலையிலும் தம் விமானத்தை அலோர் ஸ்டார் வரை செலுத்தி வந்து இறக்கி, பின் உயிர் நீத்தார். உடனிருந்தோர் உயிர் பிழைத்தனர். இரு நாட்டுத் தளங்களும் எவ்வளவு அருகருகே உள்ளன என்பதை இந்நிகழ்ச்சியும் நமக்கு உணர்த்துகிறது.

ஹாட்யாய் விமான நிலையம் தென் தாய்லாந்தின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாகும். அங்கிருந்து பாங்காக் செல்லும் உள்நாட்டு விமானங்கள் நாள்தோறும் உண்டு. அதனைச் சுற்றியுள்ள பகுதியும் ரப்பர் விளையும் பகுதியே. இயற்கை ரப்பர் உற்பத்தியில் இன்று உலகில் முதலிடம் வகிக்கும் நாடு தாய்லாந்து. விமானச் சக்கரங்களின் டயர்கள் பெரும்பாலும் இயற்கை ரப்பரால் ஆனவை என்பதையும் இங்கு நினைவு கூரலாம். விமானம் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் அதன் முழுப் பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்கி நிற்பது, ஏதோ ஒரு தோட்டத்தில் விடியற்காலையில் வெட்டி எடுக்கப்பட்ட பாலேயாகும்.

வான்வழித் தூரத்தை அளப்பது எவ்வாறு?

நிலப்படத்தில் இடமிருந்து வலமாகச் செல்லும் கோடுகளை அட்சக் கோடுகள் என்றும், மேலிருந்து கீழாகச் செல்லும் கோடுகளைத் தீர்க்கக் கோடுகள் என்றும் கூறுவர். பூமத்திய ரேகையிலிருந்து ஓர் ஊர் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே உள்ளது என்பதை அட்சக் கோடு காட்டும். அளவு பாகை எனப்படும். ஒரு பாகையில் 60 கலைகள் உள்ளன.

அலோர் ஸ்டார் விமான நிலையம் வடக்கே 6 பாகை 11 கலையில் உள்ளது. ஹாட்யாய் விமான நிலையம் வடக்கே 6 பாகை 56 கலையில் உள்ளது. வியப்புக்குரிய செய்தி யாதெனில், இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக் கோட்டில், அதாவது கிழக்கே 100 பாகை 24 கலையை ஒட்டியே அமைந்துள்ளன. அலோர் ஸ்டாரிலிருந்து நேர் வடக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால், அதன் மறுமுனை ஹாட்யாய் விமான நிலையத்தின் அருகிலேயே விழும். ஆகவே இவற்றின் இடைவெளியைக் கணக்கிட அட்சக் கோட்டு வேறுபாடு ஒன்றே போதும்.

6 பாகை 56 கலையிலிருந்து 6 பாகை 11 கலையைக் கழித்தால் 45 கலை கிடைக்கிறது. வடக்கு தெற்காக ஒரு கலையின் நீளம் ஒரு கடல் மைலாகும். கப்பலோட்டிகளும் விமானிகளும் கையாளும் அளவு இதுவே. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர் என 1929ஆம் ஆண்டில் அனைத்துலக அளவாக ஏற்கப்பட்டது. 45ஐ 1.852ஆல் பெருக்கினால் சுமார் 83 கிலோமீட்டர் வருகிறது. நாம் வழக்கமாகச் சொல்லும் தரை மைல் கணக்கில் இது ஏறத்தாழ 52 மைல்.

இதனைச் சரிபார்க்க மற்றோர் எளிய வழியும் உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து வட துருவம் வரை 90 பாகை; அதன் தூரம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். மீட்டர் என்னும் அளவே தொடக்கத்தில் அத்தூரத்தை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டதாகும். 10,000ஐ 90ஆல் வகுத்தால் ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். 45 கலை என்பது முக்கால் பாகை. 111இல் முக்கால் பங்கு 83. இரு வழியிலும் ஒரே விடை வருவதால் நம் கணக்கு சரியென்று துணியலாம்.

தரைவழித் தூரம்

பறவைக்கு 83 கிலோமீட்டர். ஆனால் மனிதனுக்கு அவ்வாறன்று. தோட்டத்தில் பணி புரிவோருக்கு இது புதிய செய்தியன்று. அடுத்த நிரை கண்ணுக்கு எதிரே தெரியும். இடையே ஓடும் கால்வாயைக் கடக்கப் பாலம் இருக்கும் இடம் வரை சுற்றிச் சென்றாக வேண்டும். இரு நாடுகளுக்கு இடையிலான பயணமும் இத்தகையதே. எல்லையில் எங்கு வேண்டுமானாலும் கடந்து செல்ல இயலாது. அரசுகள் அமைத்துள்ள வாயில்கள் வழியாகவே செல்ல வேண்டும்.

கெடா, பெர்லிஸ் மாநிலங்கள் 1909ஆம் ஆண்டில் பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலேய சயாம் உடன்படிக்கையினால் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் வந்தன. அன்று வகுக்கப்பட்ட எல்லையே இன்று மலேசியாவையும் தாய்லாந்தையும் பிரிக்கிறது. மலைகளும் ஆறுகளும் அன்றிருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஊர்களுக்கு இடையிலான தூரமும் மாறவில்லை. ஆயினும் கடப்பிதழ், சுங்கம், குடிநுழைவு என்னும் மூன்றும் சேர்ந்து பயண நேரத்தை மாற்றிவிட்டன.

சாலை வழியாகச் செல்வோர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் புக்கிட் காயு ஹீத்தாம் வரை செல்ல வேண்டும். கெப்பாலா பத்தாஸிலிருந்து அவ்விடம் சுமார் 40 கிலோமீட்டர். எல்லையைக் கடந்து சாடாவ் வழியாக ஹாட்யாய் விமான நிலையம் செல்லச் சுமார் 60 கிலோமீட்டர். ஆகத் தரைவழித் தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

இரயில் வழியாகவும் செல்லலாம். 1918ஆம் ஆண்டில் இரு நாட்டு இருப்புப் பாதைகளும் பாடாங் பெசாரில் இணைக்கப்பட்டன. அலோர் ஸ்டாரிலிருந்து மின்சார இரயிலில் பாடாங் பெசார் சென்று, அங்கு இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளையும் முடித்துக்கொண்டு, தாய்லாந்து இரயிலில் ஏறினால், மேலும் சுமார் 45 கிலோமீட்டர் சென்று ஹாட்யாய் சந்திப்பை அடையலாம். ஆனால் இரயில் நிற்குமிடம் நகரமே தவிர விமான நிலையம் அன்று. நகரத்திலிருந்து விமான நிலையத்திற்குச் செல்லும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள மறத்தலாகாது.

பறக்கும் நேரமும் பயண நேரமும்

இனி நேரக் கணக்கிற்கு வருவோம். உள்ளூர்ச் சேவைகளில் பயன்படும் விசிறி விமானம் உயரே பறக்கும்போது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 83 கிலோமீட்டரை 500ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 நிமிடம். "ஹாட்யாய்க்குப் பத்தே நிமிடமா!" என்று வியக்கத் தோன்றும். ஆனால் விமானம் ஓடுபாதைக்கு நகர வேண்டும்; மேலே ஏற வேண்டும்; வேகத்தைக் குறைத்துத் திசை திரும்பி இறங்க வேண்டும்; பின் நிறுத்துமிடத்திற்கு வர வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தால் 10 நிமிடம் அரை மணியாகிவிடும்.

அதோடு முடிந்ததா? வெளிநாட்டுப் பயணத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருத்தல் வேண்டும். இறங்கிய பின் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளைப் பெறுவதற்கும் மேலும் அரை மணியாவது செல்லும். ஆகமொத்தம் மூன்று மணி நேரம். இவற்றுள் விமானம் முழு வேகத்தில் பறந்தது பத்து நிமிடமே.

சாலைப் பயணத்தை இதனுடன் ஒப்பிடுவோம். முதல் 40 கிலோமீட்டரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க அரை மணி. எல்லையில் காத்திருக்க ஒரு மணி. அடுத்த 60 கிலோமீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஒரு மணி. ஆக இரண்டரை மணி நேரம். வேகம் குறைந்த மோட்டார் வண்டி, வேகம் மிகுந்த விமானத்தை வென்றுவிடுகிறது. இவ்விரு ஊர்களுக்கிடையே மக்கள் பெரும்பாலும் தரைவழியாகவே சென்று வருவதன் காரணம் இதுதான்.

நேரடி விமானம் இன்றிக் கோலாலம்பூர் வழியாகப் பறந்தால் என்னவாகும்? அலோர் ஸ்டாரிலிருந்து சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அங்கிருந்து ஹாட்யாய்க்கு மீண்டும் வடக்கே 480 கிலோமீட்டருக்கு மேல். 83 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊரை அடைய 880 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டிவரும். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்திற்குக் குறையாது.

மரம் வெட்டுவோர் இவ்வுண்மையை எளிதில் விளங்கிக்கொள்வர். தமக்குரிய மரங்களைச் சுற்றி வெறுமனே நடந்து மட்டும் வந்தால் அதிக நேரம் ஆகாது. ஆயினும் காலைப் பொழுது முழுவதும் கழிகிறது. காரணம், ஒவ்வொரு மரத்தின் முன்னும் நிற்க வேண்டும். கோட்டுப் பாலை எடுக்க வேண்டும். பட்டையைச் சீவ வேண்டும். மங்கைச் சரி செய்ய வேண்டும். நடை ஒரு பங்கு. நிற்றல் பல பங்கு. பயணமும் அவ்வாறே. ஓடும் நேரத்தைத் தனியாகவும், நிற்கும் நேரத்தைத் தனியாகவும் கணக்கிட்டு, பின் இரண்டையும் கூட்டுதல் வேண்டும்.

ஒரே சூரியன், இரண்டு கடிகாரங்கள்

இதுவரை கூறியவற்றுடன் கணக்கு முடிவதில்லை. மலேசியாவில் காலை மணி 9.00 ஆகும்போது தாய்லாந்தில் மணி 8.00தான். இவ்வேறுபாட்டை மறந்தவரே பெரும்பாலும் இடர்ப்படுகின்றனர்.

பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஒரு சுற்று 360 பாகை. ஆகவே ஒரு மணி நேரத்தில் பூமி 15 பாகை திரும்புகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். தாய்லாந்து தன் கடிகாரத்தைக் கிழக்கே 105 பாகைக் கோட்டிற்கு ஏற்ப வைத்துள்ளது. மலேசியாவின் கடிகாரம் கிழக்கே 120 பாகைக் கோட்டிற்கு உரியது. இரண்டிற்கும் வேறுபாடு 15 பாகை. எனவே ஒரு மணி நேரம்.

ஆனால் அலோர் ஸ்டாரும் ஹாட்யாயும் ஒரே தீர்க்கக் கோட்டை ஒட்டியவை என்று மேலே கண்டோம். ஆகவே சூரியன் இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் உச்சிக்கு வருகிறது. கடிகாரம் மட்டுமே வேறுபடுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கின்படி, மெர்கோங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரம் சராசரியாகப் பிற்பகல் மணி 1.18 காட்டும், அதே வேளையில் ஹாட்யாயில் கடிகாரம் 12.18 காட்டும். இயற்கை வகுத்த வேறுபாடு அன்று இது. அரசுகள் தத்தம் நாட்டு வசதியை முன்னிட்டு வகுத்தது.

வேறுபாடு எக்காலத்தும் ஒரு மணி நேரமாக இருந்ததும் இல்லை. மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பர்: தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடும் பொருட்டு, 1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30க்கு அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டு அவ்வாறு அரை மணி முன்னதாகவே பிறந்தது. அதற்கு முன் தாய்லாந்துக்கும் நமக்கும் அரை மணி நேரமே வேறுபாடு.

பயணிகள் கருத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவதாக, விமானப் பயணச் சீட்டில் அச்சிடப்படும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் நேரமே. புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். இரண்டாவதாக, பாடாங் பெசார் இரயில் நிலையத்தில் மலேசிய இரயில் மலேசிய நேரப்படியும், தாய்லாந்து இரயில் தாய்லாந்து நேரப்படியும் புறப்படும். எல்லை வாயில் திறக்கும் நேரத்தையும் அடைக்கும் நேரத்தையும் விசாரிக்கும்போது, "எந்த நாட்டு நேரம்?" என்று சேர்த்தே கேட்க வேண்டும். மூன்றாவதாக, கைத்தொலைபேசி எல்லையருகே அடுத்த நாட்டு அலைவரிசையைப் பற்றிக்கொண்டு, தானாகவே நேரத்தை மாற்றிவிடக்கூடும். ஆகவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டி, அதனை மலேசிய நேரத்திலேயே விட்டு வைப்பது பாதுகாப்பானது.

பின்னிருந்து எண்ணும் முறை

புறப்படும் நேரத்தை முடிவு செய்ய, விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுதலே சிறந்த முறையாகும். எடுத்துக்காட்டாக, மெர்கோங்கில் வசிக்கும் ஒருவர் ஹாட்யாயிலிருந்து பாங்காக் செல்லச் சீட்டு வாங்கியிருப்பதாகக் கொள்வோம். விமானம் தாய்லாந்து நேரப்படி பிற்பகல் மணி 1.00க்குப் புறப்படுகிறது. உள்நாட்டு விமானமாதலால் ஒன்றரை மணி நேரம் முன்னதாக, 11.30க்கு, நிலையத்தில் இருக்க வேண்டும். மலேசிய நேரப்படி இது 12.30. சாலைப் பயணமும் எல்லைச் சோதனையும் இரண்டரை மணி நேரம். எனவே காலை 10.00. எதிர்பாராத தாமதத்திற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 9.00. மெர்கோங்கிலிருந்து நெடுஞ்சாலையை அடையக் கால் மணி. ஆக, காலை 8.45க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

போகும்போது கடிகார வேறுபாட்டை மறந்தவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது, தீங்கு இல்லை. திரும்பி வரும்போது மறந்தவரோ ஒரு மணி நேரத்தை இழக்கிறார். இதனைச் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

ஹாட்யாயில் உள்ள ஒருவர் அலோர் ஸ்டாரில் மாலை மணி 6.00க்குக் கோலாலம்பூர் விமானத்தைப் பிடிக்க வேண்டும். 4.30க்கு நிலையத்தை அடைய வேண்டும். பயணம் இரண்டரை மணி. ஒதுக்கம் ஒரு மணி. ஆக மூன்றரை மணி. 4.30இலிருந்து அதனைக் கழித்தால் 1.00. இது மலேசிய நேரம். ஹாட்யாய்க் கடிகாரத்தில் இது நண்பகல் 12.00. வேறுபாட்டை மறந்து, ஹாட்யாய்க் கடிகாரம் 1.00 காட்டும்போது புறப்பட்டால், தாமதத்திற்கென ஒதுக்கிய ஒரு மணி நேரமும் கிளம்பும் முன்னரே கரைந்துவிடும். எல்லையில் வரிசை நீண்டால் விமானம் தவறிவிடும். பள்ளி விடுமுறை, பெருநாட்கள், தாய்லாந்து மக்களின் சொங்கிரான் புத்தாண்டு ஆகிய காலங்களில் வரிசை பல மணி நேரம் நீள்வதும் உண்டு. அத்தகைய நாட்களில் ஒதுக்க நேரத்தை இரு மடங்காக்குதல் அறிவுடைமை.

மற்ற அண்டை நாடுகளுக்கும் இக்கணக்கே

பினாங்கிலிருந்து இந்தோனேசியாவின் மேடான் நகர விமான நிலையம் மலாக்கா நீரிணையைக் கடந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இங்கே கடல் குறுக்கிடுவதால் விமானமே விரைவானது. மேடானின் கடிகாரமும் தாய்லாந்தைப் போல நமக்கு ஒரு மணி பின்தங்கியது. காலை 10.00க்குப் பினாங்கை விட்டுப் புறப்பட்டு 55 நிமிடம் பறந்தால், மேடானில் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரம் 9.55 காட்டும். புறப்படும் முன்னரே போய்ச் சேர்ந்ததுபோல் சீட்டில் தோன்றும். அச்சுப் பிழை என்று எண்ணி மயங்கலாகாது.

மேடான் மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. முன்னர் விமானங்கள் நகரத்திற்குள்ளேயே அமைந்த பொலோனியா நிலையத்தில் இறங்கின. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், நகரத்திற்கு வெளியே தொலைவில் உள்ள குவாலாநாமு நிலையம் பயன்பாட்டிற்கு வந்தது. நம் நாட்டிலும் 1998ஆம் ஆண்டில் கோலாலம்பூரின் முதன்மை விமான நிலையம் சுபாங்கிலிருந்து சிப்பாங்கிற்கு மாறியது. வான்வழித் தூரம் பெரிதும் மாறவில்லை. ஆனால் நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லும் நேரம் கூடிவிட்டது. ஆகவே ஊரின் பெயரைக் கேட்டதோடு நில்லாமல், நிலையம் எங்கே உள்ளது என்றும் கேட்டறிய வேண்டும்.

நம்மவர் பலர் செல்லும் திருச்சிராப்பள்ளி, கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து சுமார் 2,690 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பறக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். இந்தியாவின் கடிகாரம் கிழக்கே 82½ பாகைக்கு உரியது. 120இலிருந்து கழித்தால் 37½ பாகை. 15ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம். காலை 10.00க்குப் புறப்பட்டவர் திருச்சியில் 11.30க்கு இறங்குவார். திரும்பும்போது நண்பகல் 12.00க்குப் புறப்பட்டால், இங்கு மாலை 6.30க்கே வந்து சேர்வார். சீட்டைப் பார்த்தால், போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஆறரை மணி நேரம் என்று தோன்றும். உண்மையில் இரண்டும் நான்கு மணி நேரமே.

கணக்குப் பயிற்சி

கீழ்க்காணும் கணக்குகளை வீட்டில் பிள்ளைகளுடன் சேர்ந்து செய்து பார்க்கலாம்.

1. இரண்டு ஊர்கள் ஒரே தீர்க்கக் கோட்டில் உள்ளன. அவற்றின் அட்சக் கோட்டு வேறுபாடு 2 பாகை. வான்வழித் தூரம் என்ன?

2. ஹாட்யாய் விமான நிலையத்திலிருந்து தாய்லாந்து நேரப்படி பிற்பகல் 2.00க்குக் காரில் புறப்பட்ட ஒருவர், இரண்டரை மணி நேரப் பயணத்திற்குப் பின் கெப்பாலா பத்தாஸ் விமான நிலையத்தை அடைகிறார். அப்போது மலேசிய நேரம் என்ன?

3. தாய்லாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே உள்ள நேர வேறுபாடு என்ன?

விடைகள்: முதற்கணக்கிற்கு 222 கிலோமீட்டர். இரண்டாவதற்கு மாலை மணி 5.30. மூன்றாவதற்கு, 105இலிருந்து 82½ஐக் கழித்தால் 22½ பாகை. ஆகவே ஒன்றரை மணி நேரம்.

முடிவாக, பயணச் சீட்டு வாங்கும் முன் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. வண்டியோ விமானமோ ஓடும் நேரம் எவ்வளவு? வரிசையில் நிற்கும் நேரம் எவ்வளவு? சீட்டில் உள்ள மணி எந்த ஊர் மணி? தாமதத்திற்கென ஒதுக்கியது எவ்வளவு? இந்நான்கிற்கும் விடை எழுதிய தாளைக் கடப்பிதழுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டலும் கழித்தலும் அறிந்த எவரும் செய்யக்கூடிய கணக்குத்தான் இது. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் அப்பிள்ளையைக் கொண்டும் ஒருமுறை சரிபார்க்கலாம். உழைத்து ஈட்டிய பணத்தைக் கொடுத்து வாங்கிய சீட்டு, உரிய நாளில் உரியவரிடம் நம்மைக் கொண்டு சேர்க்க இச்சிறு முயற்சி பெரிதும் துணை செய்யும்.